கண்டறியும் எல்லைக்குக் கீழே

"மூன்றாம் குதிர்" என்று எழுதிப் பை வந்தது.
ஓரெஸ்டின் கையெழுத்து. அவன் ஒன்று ஏழு போலிருக்கும்,
மூன்று மட்டும் மூன்றாகவே இருக்கும்.
பெப்ரவரி. யார்க்டனில் மைனஸ் முப்பத்தொன்று.
ஊசிக்கோலால் கோதுமையைக் குத்தி எடுத்த கை
கையுறைக்குள்ளேயே மரத்துப்போனதாம்.

பையைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது.
ஈரத்தோடு மடித்துவைத்த சேலையின் மணம்.
நீலப்பச்சைப் பொடி பூசிக்கொண்டு
ஐந்தாறு மணிகள்
ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன.
கூரையில் ஒரு திருகாணி கழன்ற துளை,
அதன் வழியே உருகிச் சொட்டிய பனி.
பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

அரைத்தேன், சலித்தேன், கரைசலில் குலுக்கினேன்.
இந்தச் சோதனை தலைகீழ்க் கணக்கு:
எந்தக் குழியில் நிறம் வெளிறுகிறதோ
அங்கேதான் நஞ்சு அதிகம்.
ஓக்ரடாக்சின், ஏழு புள்ளி இரண்டு.
நூறு கோடியில் ஏழு.
வாங்கும் நாடு ஐந்து வரை பொறுக்கும்.

போனில் ஓரெஸ்ட் பதறவில்லை.
"நாலாம் குதிரில் நல்லது இருக்கிறதே,
இரண்டையும் கலந்தால் இறங்கிவிடாதா?"
இறங்கும்.
நஞ்சு அப்படியேதான் இருக்கும்,
பந்தியில் இலை கூடும், அவ்வளவே.
கலக்கலாமா என்று நீ கேட்கவேண்டியது என்னை அல்ல என்றேன்.
என் வேலை எண்ணோடு முடிகிறது.

முடிகிறதா?

செவ்வாய், வியாழன், சனி.
நிமலனை டயாலிசிஸ் நாற்காலியில் இருத்திவிட்டு
வண்டியிலேயே காத்திருப்பேன், ஹீட்டர் இரைய.
"காரணம்" என்ற கட்டத்தில்
டாக்டர் எழுதிய சொல்: தெரியாது.
சர்க்கரை இல்லை. அழுத்தம் பிறகுதான் வந்தது.
அந்தக் கட்டம் என்னைத் தூங்கவிடவில்லை.

வாசித்தேன்.
அது இரத்தத்தின் புரதத்தைப் பற்றிக்கொள்ளுமாம்.
பாதி வெளியேற முப்பத்தைந்து நாள்,
மிச்சத்தில் பாதிக்கு இன்னும் முப்பத்தைந்து.
மூட்டையை அவிழ்த்து வைக்கும் இடம் சிறுநீரகம்.
எலிகளில் உறுதி.
மனிதரில்: "காரணமாக இருக்கலாம்."
எத்தனை பக்கம் புரட்டினாலும்
அந்த "லாம்" விலகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் போனபிறகு,
என் சமையலறையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன்.
ஆட்டா மா. ஓட்ஸ். கோப்பித்தூள்.
முந்திரிகை வற்றல். பாண் துண்டு இரண்டு.
மிளகாய்த்தூள், ஒரு கரண்டி.
படிவத்தில் பெயர் போடவில்லை, எண்கள்தான்.

கண்டறியும் எல்லைக்குக் கீழே.
கண்டறியும் எல்லைக்குக் கீழே.
அது பூச்சியம் என்று அர்த்தமல்ல,
என் கண் அவ்வளவுதான் என்று அர்த்தம்.
மிளகாய்த்தூள் மட்டும்: ஒன்று புள்ளி ஒன்று.

சந்தோஷப்பட்டிருக்கவேண்டும்.
எனக்கோ அழுகை வந்தது.
ஒரு குற்றவாளியைப் பிடித்து
வீட்டுக்கு இழுத்துப்போகலாம் என்றிருந்தேன்.
பதினொரு வருடம் இறைச்சித் தொழிற்சாலைக் கன்டீனில்
அவர் தின்ற பாணை எதில் அளப்பது?
வவுனியாக் கிணற்றுத் தண்ணீரை?
தின்று முடித்ததற்கு மாதிரி கிடையாது.

சனிக்கிழமை, ஊசி ஏறிய கையை அசைக்காமல் கேட்டார்:
"என்னவாம்?"
சொன்னேன்.
"மிளகாய்த்தூளா? அதை எறிஞ்சுபோடாதையும்.
மிச்சம் எல்லாத்தையும் டாக்டர் நிப்பாட்டிப்போட்டார்."
சிரித்தார். இயந்திரம் ஒருமுறை கத்தி ஓய்ந்தது.
வந்த தாதி குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

திங்கள் காலை இரண்டாவது பை.
"மூன்றும் நாலும்," அதே கையெழுத்து.
அரைத்தேன், சலித்தேன், குலுக்கினேன்.
நாலு புள்ளி ஒன்பது.
இரண்டாம் முறையும் செய்து பார்த்தேன், நாலு புள்ளி எட்டு.
வரம்புக்குள் என்று எழுதிக்
கையொப்பமிட்டேன்.
பேனா எழுதியது. அதற்கென்ன.

மிச்ச மாதிரியை ஆறு மாதம் வைத்திருப்பது எங்கள் விதி.
மேல்தட்டில் இடமிருந்தது,
எண் மட்டும் போட்ட
அந்தச் சிவப்புப் பையின் பக்கத்தில்.