ஐந்தில் எத்தனை

செவ்வாய் இரவுக்குள் ஐந்து ஆல்பம்.
ஒவ்வொன்றுக்கும் நூற்றிருபது சொல்,
ஐந்துக்கு மேற்படாமல் நட்சத்திரம்.
டுலூத்தில் மைனஸ் இருபத்தாறு.
ஏரி உறையும்போது முனகுவது
என் சமையலறை வரை கேட்கிறது.
அதற்கு மதிப்பெண் போட யாரும் சொல்லவில்லை.

முதலில் ஜூனிப்பர் வேல். பாப்.
பதினான்கு பாட்டிலும் அதே காதலன் பிரிகிறான்,
ஒவ்வொரு முறையும் வேறு காரில்.
குரலைச் சலவைக்குப் போட்டு
இஸ்திரி தேய்த்து மடித்திருக்கிறார்கள்.
ஒரு சுருக்கம் இல்லை,
உள்ளே உடம்பும் இல்லை.
ஆனாலும் காலையில் பல் தேய்க்கையில்
நான்காம் பாட்டு என் வாயில் நுரைத்தது.
மூன்று. நுரைக்கு அரை.

கிங் ஓபல், ராப், டெட்ராய்ட்.
கையில் இல்லாத பணத்தைப் பாடினான் அன்று,
நம்பினேன்.
இருக்கிற பணத்தைப் பாடுகிறான் இன்று,
நம்ப முடியவில்லை.
பதினோராம் பாட்டில் மட்டும்
அம்மாவின் டயாலிசிஸ் நாற்காலி வருகிறது.
அங்கே எதுகை இல்லை.
தேடவும் இல்லை அவன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்.
விமர்சகர்கள் பாதிப் பேர் அப்படித்தான் பிழைக்கிறோம்:
முதல் பாட்டு, கடைசிப் பாட்டு, நடுவில் ஒன்று.
பதினோராம் பருக்கை வேறு அடுப்பில் வெந்திருந்தால்
யாருக்குத் தெரியும்?

உல்ரிக் ஹோய், மெட்டல், ஐம்பத்தெட்டு நிமிட நரகம்.
கீழ்வீட்டு ஹக்காலா அம்மாள்
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடித்தாள்.
டிரம்மரைவிட அவள் தாளம் சுத்தம்.
இரண்டு. இரண்டும் அவளுக்கு.

எவெட் டாரன்ஸ், காஸ்பல், எழுபத்தொரு வயது.
மூச்சு எட்டாத இடத்தில் நிறுத்திவிட்டு
அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறாள்.
எனக்குக் கடவுள் இல்லை.
அவளுக்கு இருப்பது உண்மை.
நான்கரை போட்டுவிட்டுக்
கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் வேட் லெமாயர். கன்ட்ரி.
லாரி, மழை, விஸ்கி, மறுபடி லாரி.
பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம், கேட்டேன்.
ஆறாவது பாட்டில் பெடல் ஸ்டீல் நுழைந்தது.
கையில் இருந்த தட்டு
தண்ணீருக்குள் திரும்பிப் போனது.

உறையில் பேர் இல்லை.
ஆனால் சுருதிக்கு ஒரு முடி கீழே தொட்டு
அப்புறம் மெதுவாக, மன்னிப்புக் கேட்பதுபோல்
மேலேறும் அந்தக் கை
பதினொரு வருடம் என் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.
ஆர்விட் பொய் சொல்வதும் அப்படித்தான்.
முதலில் சற்றுக் கீழே,
பிறகு வழுக்கிக்கொண்டு சரியான இடத்துக்கு.

ஆறு தடவை கேட்டேன்.
கம்பியை மட்டும் கேட்டால் ஐந்து.
ஆளைக் கேட்டால் ஒன்று.
வேட் பாடியதில்
ஒரு வரியும் மனதில் நிற்கவில்லை.

கிரெட்சன் போன் செய்தாள்.
"லெமாயருக்கு எத்தனை? பக்கம் மூட வேண்டும்."
சொல்லியிருக்க வேண்டும்,
வாசித்தவன் என் பழைய கணவன், வேறு யாரிடமாவது கொடு என்று.
விதி அது. நானே கையெழுத்திட்டது.
"இரண்டரை," என்றேன்.
பெடல் ஸ்டீல் என்ற சொல் வராமல்
நூற்றிருபதும் எழுதி அனுப்பினேன்.
என் வேலையிலேயே கடினமான நூற்றிருபது.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம்,
ஏரிக்கு அந்தப் பக்கம் சுப்பீரியரிலிருந்து,
தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற
லாயிட் பெர்கஸ்ட்ராம் என்பவர்:

"மார்லிஸ் அம்மணி,
ஆறாம் பாட்டில் அந்தக் கம்பி வாத்தியம் வாசிப்பவனை
எப்படித் தவறவிட்டீர்கள்?
முப்பது வருடம் இயந்திர இரைச்சலில் நின்றவன் நான்,
ஒரு காது போய்விட்டது.
எனக்கே கேட்டது.
உங்களுக்குக் காது இருக்கிறதா?"

பதில் எழுதவில்லை.
பத்திரிகையில் போடலாமா என்று கிரெட்சன் கேட்டாள்.
போடு என்றேன்.
திருத்தாமல்.