புதன்கிழமைப் பெட்டி

பெட்டியைக் கிழிக்கும்போது
கத்தியை ஆழமாக இறக்கக் கூடாது.
இறக்கினால் மேலே கிடக்கும் சூப்பர் ஹீரோ
எதிரியைக் காணும் முன்பே இரண்டாகிவிடுவான்.
இந்தக் காமிக்ஸ் கடையில் நான் கற்ற முதல் பாடம் அது.
இரண்டாவது, டுலூத் நகரத்துப் பனி
மிதியடியோடு நின்றுகொள்வதில்லை.

பதினொன்றுக்கு மூவரும் வந்துவிடுவார்கள்.
ஆர்லோ, தாதுக் கப்பலில் மின்வேலை பார்த்து ஓய்ந்தவர்.
லெவாண்டர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்.
ஹால்வர் ஸ்ட்ராண்ட், பல் மருத்துவர்;
யாரோ ஒருவர் மரத்த தாடையோடு
அங்கே காத்துக்கொண்டிருப்பார்.

மீகாமன் செத்துவிட்டான்.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் இதழ், கடைசிப் பக்கம்,
உறைந்த ஏரிக்கு அடியில்,
கையிலிருந்த கலங்கரை வெளிச்சம் அணைய அணைய.

"நாலாவது தடவை."
"மூணுதான். தொண்ணூற்றாறில் செத்தது அவனோட நகல்."
"நகலுக்கு வலிக்காதா?"
நகலின் வலியிலேயே அரை மணி நேரம் போனது.

பிறகு அந்தப் புதியவள்.
பதினாறு வயது, ஸ்கேட்போர்டு,
அவன் விட்டுப்போன முகமூடி முகத்துக்குப் பெரிது.
"ஆறு பக்கம் அழறா. ஆறு!"
"பசங்களைப் பிடிக்கப் போட்ட தூண்டில்."
"எந்தப் பசங்க? என் பஸ்ஸில் ஐம்பத்தெட்டுப் பேர்.
ஒருத்தன் மடியிலாவது ஒரு இதழ்?
கண்ணாடியில் பார்த்தால்
நீல வெளிச்சத்தில் மிதக்கிற முகங்கள்தான்."
"ஐந்து டாலருக்கு எவன் வாங்குவான்?
எழுபத்தைந்து சென்ட் கொடுத்தோம் நாம்."
"நமக்காக எழுதுறதையும் விட்டுட்டான்.
அவங்களுக்காக எழுதறான், அவங்க வரல.
இப்போ யாருக்குடா இந்தக் கதை?"

எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்.
பதினோரு பிரதிகள். போன ஆண்டு பத்தொன்பது.

பழைய இதழ்த் தொட்டியருகே
தரையில் சப்பணமிட்டு மாய்சீ.
வாரா வாரம் வருகிறாள், ஈரக் காலுறையோடு.
கதைகளைப் புரட்டித் தள்ளிவிட்டு
வாசகர் கடிதங்களுக்குப் போய்விடுவாள்.
ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.
"அங்கேதான் நிஜமா சண்டை போடறாங்க."

இன்று எழுந்து வந்தாள்,
ஆள்காட்டி விரலை ஒரு பக்கத்துக்குள் வைத்தபடி.

"ஹார்வர் ஸ்ட்ராண்ட், வயது பதினாலு,
டூ ஹார்பர்ஸ், மினசோட்டா.
சார், இது நீங்களா?"

வாசித்தாள், பள்ளியில் வாசிப்பதுபோல் தட்டையாக:

'ஆசிரியருக்கு.
மீகாமனுக்குத் தாடி வைத்ததை மன்னிக்கவே முடியாது.
எங்கள் வகுப்பில் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.
மிச்சம் நான் ஒருவன்தான்.
இப்படியே போனால்
இனி இதைக் கிழவர்கள் மட்டுமே படிப்பார்கள்.'

ரேடியேட்டர் இரண்டு முறை தட்டியது.
ஆர்லோவின் சிரிப்பு இருமலாகி,
இருமல் முடிந்து மறுபடி சிரிப்பானது.
ஹால்வர் மட்டும் குனிந்து,
வாய்க்குள் விளக்கடித்துப் பார்ப்பவர்போல் பார்த்தார்.
"பேரைத் தப்பா போட்டுட்டான்," என்றார்.
"அன்னைக்கே பார்த்தேன். யார்கிட்டயும் காட்டல."

லெவாண்டர் அவள் பக்கம் திரும்பினார்:
"நீ புதுசைப் படிச்சியா?"
படித்திருக்கிறாள். அதே தொட்டியருகே, நின்றபடி, இலவசமாக.
நான் அப்போது ரசீது சுருளை மாற்றிக்கொண்டிருந்தேன்,
மாற்றத் தேவையில்லாத சுருளை.

"ஆறு பக்கம் அழல," என்றாள். "நாலு.
கடைசி ரெண்டுல மூச்சை அடக்கறா.
தண்ணிக்கு அடியில அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு
பார்க்கறா."

ஹால்வர் இரண்டு பிரதி வாங்குகிறவர்,
ஒன்று படிக்க, ஒன்று பிளாஸ்டிக் உறையில் மூடி வைக்க.
படித்தது வீட்டில் இருந்தது.
போன மாதம் மூடியது இன்னும் பையில்.
பிரித்தார்.
நாலு தலைகள் ஒரு பக்கத்தின் மேல் கவிந்தன.
"இது கண்ணீர்தான்." "இல்லை, குமிழி." "குமிழி மேலே போகணுமே."
"பனிக்கட்டி இருக்கே மேலே."

தாடிக்காரன் இதழுக்கு ஒரு டாலர்,
சில்லறையாக எண்ணி வைத்தாள்.
ஹால்வர் அதைக் கேட்கவில்லை.
கேட்க வாய் திறந்தது; நான் பார்த்தேன்.

மாலையில் கடை சாத்தும்போது
கல்லாவருகே அந்தப் பிரிந்த உறை கிடந்தது.
இதழ் இல்லை.
எடுத்துப்போனது யார் என்று
நான் விசாரிக்கப் போவதில்லை.