உள்ளளவு

காற்று பக்கவாட்டில் பெய்யும் ஊர் ஓல்டர்ஸீல்.
கடல்மட்டத்துக்குக் கீழே புல் முளைக்கிறது.
பம்புகள் ஒருநாள் விடுப்பெடுத்தால்
மாடுகள் நீந்தத்தான் வேண்டும்.

வண்டியில் கம்பிச் சக்கரம் சுழல்கிறது.
எண்ணூறு மீட்டர். தொள்ளாயிரம்.
டோம்கெ கம்பிமேல் ஒற்றை விரல் வைத்திருக்கிறாள்,
மீன் கடிக்கிறதா என்று பார்ப்பவள்போல.
ஆயிரத்து நூற்றுப் பத்தில்
பாறை முடிந்து இருட்டு தொடங்குகிறது.
(ஒருநாளும் ஒளி போயிராத இடத்தை
இருட்டு என்று சொல்லலாமா, தெரியவில்லை.)

கருவி தலையைத் திருப்புகிறது.
ஒரு சொடுக்கு, ஒரு பாகை.
ஒரு சொடுக்கு, ஒரு பாகை.
சுவர் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம்தான்
சுவரின் தூரம்.

போன முறை அளந்து பன்னிரண்டு வருடம்.
அப்போது டோம்கெவுக்குக் கணவன் இருந்தான்.
திரையில் பழைய கோடு நீலம், புதியது சிவப்பு.
சிவப்பு சுற்றிலும் நீலத்துக்கு உள்ளே.

உப்பு கல் இல்லை.
மிக மிக மெதுவாக நகரும் மாவு.
தண்ணீர் விட்டுக் கரைத்து, குழாய் வைத்து உறிஞ்சி
கடலில் கொட்டிவிட்டு
அந்தக் காலியிடத்தில் வாயுவை அடைத்தார்கள்.
உப்பிட்டவரை நினைக்கச் சொல்கிறது நம் மொழி.
இங்கே உப்பு,
தன்னை எடுத்தவர்களை நினைத்துக்கொண்டு
கொஞ்சம் கொஞ்சமாய் அந்த இடத்துக்குத் திரும்பி வருகிறது.
ஜனவரியில் ஹனோவரில் யாரோ
கணப்பைக் கூட்டி வைக்கும்போது
உள்ளே அழுத்தம் குறையும்.
அப்போது இன்னும் சற்று வேகமாக.

மேலே இருக்கும் நிலமும் தாழ்கிறது.
வருடத்துக்கு நாலு மில்லிமீட்டர்,
உப்புக்குப் பெறாத கணக்கு.
ரிக்ஸ்டெயின் பால்கொட்டகைக் கதவு மட்டும்
மூன்று முறை இழைக்கப்பட்டுவிட்டது.

"கிழக்கே பார்" என்கிறாள் டோம்கெ.
ஓரிடத்தில் சிவப்பு நீலத்தைத் தாண்டி வெளியே போகிறது.
சுவரில் ஒரு லாரியளவு பள்ளம்.
அடியில் அதற்கு ஈடான மேடு.
எப்போதோ விழுந்திருக்கிறது.

ஹாபோ நிலநடுக்கப் பதிவேட்டைப் புரட்டுகிறார்.
இரண்டு வருடத்துக்கு முன், பிப்ரவரி,
அதிகாலை மூன்று ஐம்பத்திரண்டு, சின்னதாய் ஓர் அதிர்வு.
காரணம்: 'பண்ணை வாகனம்.'
எழுத்து அவருடையதுதான்.
அந்த நேரத்தில் எவன் டிராக்டர் ஓட்டுவான் என்று
இப்போது தோன்றுகிறது.

சேறு மிதித்து ரிக்ஸ்டெயிடம் போனார்.
அவள் யோசிக்கவே இல்லை.
"நான்தான் ஓட்டினேன்.
இரவு முழுக்க இழுத்தும் கன்று செத்துத்தான் வந்தது.
தாய் பார்த்துக்கொண்டே நின்றது.
விடியும்வரை அங்கே கிடக்க வேண்டாமென்று
டிராக்டரில் தூக்கிக்கொண்டுபோய்
சாலையோரம் வைத்தேன்."
கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்:
"அதுகூடவா உங்களுக்குக் கேட்டது?"

ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை அவரால்,
இல்லை என்றும்.

அலுவலறையில் டோம்கெ
காலணிகளைக் கணப்பருகே காயவைத்துவிட்டு
அறிக்கை தட்டிக்கொண்டிருந்தாள்.
கொள்ளளவு இரண்டு சதவீதம் குறைவு. கூரை உறுதி.
கிழக்குச் சுவர், அடுத்த அளவு ஐந்து வருடத்தில்.
ஹாபோ பழைய பதிவேட்டை எடுத்தார்.
'பண்ணை வாகனம்' என்பதை அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
பிறகு, யாரும் கேட்காமலே,
'கன்று' என்று எழுதினார்.