பதில் சொன்னவர்களின் சராசரி

ஈரி ஏரிக்கரையில் பனி அள்ளும் வண்டிகள்
விடியுமுன் சாலையைச் சுரண்டுகின்றன.
என் ஷிப்ட் முடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
ஹெட்செட்டின் பஞ்சு காதோடு ஒட்டிவிட்டது.
படிப்பு: கணினி அறிவியலில் இளங்கலை.
வேலை: ஊரார் மறந்த கடவுச்சொற்களுக்கு
மறுபிறவி கொடுப்பது.

நேற்று பீட்சா அட்டையின் பின்புறம்
கோல்பி என் கணக்கைப் போட்டுப் பார்த்தான்.
மின்கம்பம் ஏறுகிறவன், பள்ளியோடு நிறுத்திக்கொண்டவன்,
எனக்கு நாலு வருஷம் முன்பே சம்பளம் பார்த்தவன்.
எண்ணெய் ஊறாத மூலையாகத் தேடி
கட்டணம், விடுதி, புத்தகம், வட்டி,
அந்த நாலு வருஷம் நான் சம்பாதிக்காமல் விட்டது
எல்லாம் ஒரு பக்கம் எழுதினான்.
மறுபக்கத்துக்கு அதிக இடம் தேவைப்படவில்லை.
"டெலேனி, நீ என்னைத் தாண்டும்போது
உனக்கு ஐம்பத்தொரு வயசு,
அதுவும் நான் கம்பத்திலிருந்து விழாமல் இருந்தால்."
சிரித்தான்.
கடைசித் துண்டை எனக்கே விட்டான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
ஏரியில்தான் போட்டேன், அளந்துதான் போட்டேன்.
அளவுகோல் கல்லூரியின் வழவழப்புத் தாளில் இருந்தது:
பட்டதாரிகளின் சராசரிச் சம்பளம்,
கட்டைவிரல் பருமனில் ஓர் எண்.
அதன் காலடியில் எறும்பு வரிசை போல
"பதில் சொன்னவர்களின் சராசரி."

பிறகு என்னையும் கேட்டார்கள், மூன்று முறை.
நான் பதில் சொல்லவில்லை.
நானூறு விண்ணப்பம் போட்டு
பதினேழு "வருந்துகிறோம்" வாங்கியவள்
எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பாள்?

இப்போதெல்லாம் எனக்கு டாலர் தெரிவதில்லை,
தவணைதான் தெரிகிறது.
இந்த பூட்ஸ் கால் தவணை.
கடைவாய்ப் பல் ஒன்றரைத் தவணை, ஆகவே இடப்பக்கம் மெல்லுகிறேன்.
கைலியின் கல்யாணத்துக்கு விமானச் சீட்டு
முக்கால் தவணை.
வாழ்த்து அட்டை அனுப்பினேன்.

நாலு இருபதுக்கு ஓர் அழைப்பு.
"கணக்கு பூட்டிக்கொண்டது," விஸ்கான்சினிலிருந்து ஒரு குரல்.
பெயர் கேட்டேன், வெண்டல் க்ரூபர்.
நிறுவனம் கேட்டேன்.
மாதம் ஐந்தாம் தேதி
என் வங்கியிலிருந்து ஐந்நூற்று எண்பத்தேழு டாலரை
உருவிக்கொள்ளும் அதே நிறுவனம்.

விரல்கள் விசைப்பலகைமேல் அந்தரத்தில் நின்றன.
கடன்காரரின் கதவு, என் கையில் சாவி.

பாதுகாப்புக் கேள்வி: நீங்கள் படித்த கல்லூரி?
அவர் பெருமூச்சு விட்டார்.
"எதைப் போட்டேன், முடித்ததையா, முடிக்காததையா?"
முதலாவது தவறு.
இரண்டாவதில் திறந்தது.
"கம்ப்யூட்டர் சயின்ஸ்," என்றார், நான் கேட்காமலே.
"ரெண்டரை வருஷம். பட்டம் வரவில்லை, கடன் வந்தது.
எங்கள் கம்பெனியிலேயே.
ஊழியர் சலுகை உண்டா என்று கேட்டுப் பார்த்தேன், கிடையாதாம்."
இருவரும் சிரித்தோம்.
அழைப்புகள் பதிவாகின்றன என்பது நினைவு வந்து
இருவரும் நிறுத்தினோம்.

கோல்பியின் அட்டையில் ஏறாத ஒன்று இருக்கிறது.
இரண்டாம் வருஷம், ஆய்வகம், ராத்திரி இரண்டரை மணி.
தன்னைத்தானே அழைக்கும் ஒரு நிரலை எழுதி
ஓடவிட்டேன்.
தன்னை அழைத்தது, அதற்குள் தன்னை,
அதற்குள்ளும் தன்னை,
பிறகு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்று
ஒவ்வொரு படியாக விடையோடு திரும்பி வந்தது.
தனியாக எழுந்து நின்று கைதட்டினேன்.
காவலாளி வந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.
அதற்கு என்ன விலை போடுவது, தெரியவில்லை.
ஒன்று மட்டும் தெரியும்:
"இங்கே நில்" என்று ஒரு வரி வேண்டும்.
வட்டியை எழுதியவர்கள்
அந்த வரியை எழுதவில்லை.

தற்காலிகக் கடவுச்சொல்லை
எழுத்தெழுத்தாகச் சொன்னேன். நன்றி சொன்னார்.
"ஒரு கருத்துக்கணிப்பு வரும் சார்,
ஒன்றிலிருந்து ஐந்துவரை."
"கட்டாயம் ஐந்து போடுகிறேன்," என்றார்.

போடவில்லை.

பதில் சொன்னவர்களின் சராசரியில்
இந்த வாரம் நான்
நாலு புள்ளி எட்டு.