சுடாத கை

ஓல்டன் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில்
சலவைக்கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே
மேசைகளை ஒதுக்கிவிட்ட அறை.
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் தீ.

கண்ணை மூடும் பெட்டியைத் தலையில் மாட்டி
அதிரும் அங்கியை மார்போடு இறுக்கி
கையுறை வார்களைச் சரிபார்த்தபடி
திருமதி எபிஷர் சொன்னாள்:
"கதவைத் திறக்குமுன் தொட்டுப் பாருங்கள்.
சுட்டால் திறக்காதீர்கள். அவ்வளவுதான்."

புகை கூரையிலிருந்து இறங்கியது.
எங்கள் நடைவழி, எங்கள் தள்ளுவண்டிகள்,
சுவரில் போன வாரத்து உணவுப் பட்டியல்கூட
அப்படியே வரைந்திருந்தார்கள்.
மணம் மட்டும் இல்லை.
உப்பில்லாக் கஞ்சி மாதிரி ஒரு நெருப்பு.

முதல் கதவைத் தொட்டேன். ஒன்றுமில்லை.
திறந்தேன், செத்தேன்.
இரண்டாவதில் உள்ளங்கையை அழுத்தி
மூன்றுவரை எண்ணித் திறந்தேன்.
அங்கி முதுகில் குத்தி அதிர்ந்தது.
மூன்றாவதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

திரையில்: சபாநாதன், இறப்பு 3.
பெஸ்னிக் விழுந்து விழுந்து சிரித்தான்.
அவன் செத்தது ஒரே தடவை,
அதுவும் வாளியில் கால் தடுக்கி.

கையுறை பழுதென்று தானே மாட்டிப் பார்த்தவள்
ஆவென்று உதறினாள்.
பிறகு என் கையை விரித்து
விளக்கடியில் பிடித்தாள்.

பத்தொன்பது வருடம்.
கொதியெண்ணெய்த் தொட்டி, ஆவி பறக்கும் தட்டுகளின் விளிம்பு.
துணி தேடுகிற நேரத்துக்குள்
வெறுங்கையால் இறக்கிவிடலாம்.
அதைத் திறமை என்று மேலாளர்
நத்தார் விருந்தில் எல்லோர் முன்னும் புகழ்ந்திருக்கிறார்.
நானும்
அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாற்பத்தைந்து பாகைக்கு மேல்
அந்த உறை சூடேறாதாம்.
பயிற்சியில் யாருக்கும் புண்ணாகக்கூடாது.
என் விரல்களுக்கு அது ஆறிப்போன தேநீர்.

"புறங்கை," என்றாள் கொஞ்சம் யோசித்து.
இடக்கை உறையை வலக்கையில் மாட்டினாள்.
சூடேறும் பட்டை மேலே வந்தது.

நான்காவது தடவை.
புறங்கையில் ஓர் எறும்பு ஊர்ந்தது,
நின்றது,
கடித்தது.
"சுடுது!" என்று கத்தினேன், தமிழில்.
அறையில் ஒருவருக்கும் விளங்கவில்லை.
திறக்காமல் திரும்பி
சுவரோடு சுவராகத் தவழ்ந்து
படிக்கட்டுக்கு வந்து சேர்ந்தேன்.
முழங்கால் உண்மையாகவே வலித்தது.

அன்றிரவு வீட்டில்
தபால்பெட்டி, குளிர்பெட்டி, குளியலறைக் கதவு
எல்லாவற்றையும் புறங்கையால் தொட்டுக்கொண்டே போனேன்.
இரும்புக்கு ஒரு குளிர், மரத்துக்கு வேறொன்று.
மகளின் அறை வாசலில்
கை கொஞ்சம் அதிகநேரம் நின்றுவிட்டது.

"என்னப்பா?" உள்ளேயிருந்து.

"ஒண்டுமில்லை. கதவு சுடுதோ எண்டு பாத்தன்."

"சுடுதோ?"

"இல்லை."

"அப்ப திறவுங்கோவன்."