கம்பியில் வந்து உட்கார்ந்தது

பொசாதாஸில் விடுதித் துணி வெளுக்கும் கொல்லைப்புறம்.
ஆற்றுக்கு அக்கரை பராகுவே.
பாலத்து லாரிகளின் கண்ணாடி வெயிலில் திரும்பும்போது
எங்கள் வெள்ளைத் துணிமேல் மின்னிப் போகும்.
இன்றைக்கு அறுபத்துநாலு விரிப்பு.
ராத்திரி ஒரு கல்யாணக் கூட்டம் தங்கிப் போயிருக்கிறது,
தலையணை உறையெல்லாம் கண்மை.

அப்போதுதான் கம்பியில் வந்து உட்கார்ந்தது.
மஞ்சள் வயிறு,
வழிப்பறிக்காரன் கைக்குட்டை மாதிரி
கண்ணோடு சேர்த்துக் கட்டிய கறுப்புப் பட்டை.
மூன்று முறை கத்திற்று.

எலிஹியா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.
"பித்தோகுவே."
அவள் அக்கரைக்காரி.
"கூரைமேல் வந்து இது கூப்பிட்டால்
அந்த வீட்டில் யாருக்கோ நாள் தள்ளிப்போயிருக்கு."

எல்லோரும் மிர்த்தாவைப் பார்த்தோம்.
பத்தொன்பது வயசு,
போன மாசம் ஒரு மெக்கானிக்கின் பைக்கில் ஏறியவள்.
"என்னை ஏன் பார்க்கிறீங்க,
முதலாளியம்மாவைப் பாருங்க" என்று சிரித்தாள்.

நெலிதாவுக்கு ஐம்பத்தெட்டு.
கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:
"அது பியென்தேவெயோ.
நீ நல்லாத் தெரியுறே என்கிறது.
சோப்புத்தூளை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்காக."

வேனிலிருந்து சிரிலோ கத்தினான்,
"பிச்சோஃபேயோ! அசிங்கப் பூச்சி!
என் நாய் தட்டில் தின்கிற பயல்!"

பிறகு என்னைக் கேட்டார்கள்.

அப்பூரேயில், வெள்ளம் வடிந்த புல்வெளியில்,
மாட்டு முதுகில் நின்று அது சொல்வது
கிறிஸ்தோஃபுவே.
கிறிஸ்துதான் அது.

"எது?" என்றாள் மிர்த்தா.

தெரியவில்லை.
என்றைக்கோ யாரோ ஏதோ கேட்டிருக்க வேண்டும்.
கேள்வி தொலைந்து
பதில் மட்டும் பறவையிடம் தங்கிவிட்டது.

ஐந்து எல்லை கடந்து பேருந்தில் வந்தவள் நான்.
ஒவ்வொரு சாவடியிலும் யுராய்மா என்ற என் பெயரை
ஒவ்வொரு விதமாகத் தப்பாய் எழுதினார்கள்.
மலைநாட்டில் பதினொரு நாள் இதைக் காணவே இல்லை.
குளிரில் பல் கிட்டி இறங்கிய அன்று,
பெட்ரோல் நிலையத்து விளக்குக் கம்பத்தில்
வாயில் ஒரு மீனோடு நின்றது.
பூச்சி பிடிக்கிற சாதி என்பார்கள்,
மீனையும் விடாது, தவளையையும் விடாது,
அடுத்தவர் கூட்டு முட்டையையும்.
தன்னைப்போல் நாலு மடங்கு பருந்தைத்
துரத்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

உச்சந்தலையில் அதற்கு ஒரு மஞ்சள் கீற்று உண்டு.
கறுப்பு இறகால் மூடி வைத்திருக்கும்.
கோபம் வந்தால்தான் திறக்கும்,
கிட்டே நின்றவருக்குத்தான் தெரியும்.

பிற்பகல் விரிப்பு மடித்தோம்.
ஒரு முனை எலிஹியா, மறுமுனை நான்.
துணி நடுவில் சேரும்போது
அவள் கண் என் இடுப்பில் நின்று நகர்ந்தது.

நாற்பத்தொரு நாள்.
யாருக்கும் சொல்லவில்லை.
திங்கட்கிழமையிலிருந்து நான் வாளி தூக்குவதில்லை,
அதைக் கவனித்திருப்பாள்.
இல்லை, பறவை சொன்னதையே நம்பியிருப்பாள்.

பேசாமல் ஈர மூட்டையைத்
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
என் கையில் ஒரு தலையணை உறையைத் தந்தாள்,
காய்ந்தது,
மை போகாதது.