வத்தம்

டாப்ஸ்லிப்புக்குத்தான் போவதாக இருந்தது.
கஜபதி தவணையில் கூடாரம் வாங்கியிருந்தான்,
நெற்றியில் கட்டும் விளக்கு நான்கு,
பித்தளை மூடி போட்ட திசைகாட்டி ஒன்று.
துறைமுகத்தில் லீவு கிடைக்கவில்லை.
"காடுதான வேணும்?
காட்டுக்குப்பம், காட்டுப்பள்ளி.
பேர்லயே ரெண்டு வச்சிருக்கோம், அண்ணி."

எண்ணூர் கழிமுகத்தில்
தேசப்பனின் ஃபைபர் படகு.
நாங்கள் நால்வர், கஜபதி வீட்டில் மூவர்,
ஸ்டான்லியில் என்னோடு நைட் பார்க்கும் ஷகீரா.
ஒரு தூக்கு எலுமிச்சை சோறு,
வஞ்சிரம் வறுவல், கூடாரம்,
மாமியார் செயின் விஷயமாக
மூன்று வருடம் என்னோடு பேசாத
ஓரகத்தி நாகவல்லி.
அவள் முன் பலகையில், நான் பின் பலகையில்.

அலையாத்திக்குள் திரும்பியதும்
பிள்ளைகள் தாமாகவே வாயை மூடினார்கள்.
இலைக்கு இலை சாம்பல்,
கோலமாவு தட்டிய முறம் போல.
அதன் கீழே பச்சை இருக்கத்தான் செய்தது.
சேற்றில் குத்திட்டு நின்ற மூச்சு வேர்களைக் காட்டி
"இதுல கரண்ட் வருமா பெரிம்மா?" என்றான் நாகவல்லி மகன்.
உளுவை ஒன்று மார்பால் ஏறிவந்து பார்த்தது,
வாடகை கேட்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல.
உள்ளே போய்விட்டது.

"வத்தம் ஆரம்பிச்சிடுச்சி, திரும்பலாம்" என்றான் தேசப்பன்.
"இன்னும் ஒரு வளைவு" என்றான் கஜபதி.
அந்த வளைவில்தான் சாம்பல் மேவிக் கிடந்தது.
படகு ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது.

தள்ளுகிறேன் என்று குதித்தவன்
தொடைவரை போனான்.
துடுப்பை நீட்டி நான்கு பேர் இழுத்தோம்.
கால் வந்தது, செருப்பு வரவில்லை.
ஷகீரா சிரித்த சிரிப்பில் கொக்குகள் எழும்பின.
"ஒம்போது மணிக்கு வெள்ளம் ஏறும்" என்று
தேசப்பன் துண்டை முகத்தில் போட்டுப் படுத்துக்கொண்டான்.

மணி நாலு.

திசைகாட்டி உண்மையாகவே வேலை செய்தது.
வடக்கே அனல்மின் புகைபோக்கிகள்,
தெற்கே, கொஞ்சம் தள்ளி, மணலியின் தீ,
கிழக்கே கிரேன்கள் கழுத்தை நீட்டியபடி.
வீடு பதினோரு கிலோமீட்டர்.
முழங்கால் தண்ணீர்கூட இல்லை.
எங்கேயும் போக முடியாது.

இதை யாரும் பயணக் கதையில் சொல்வதில்லை:
ஆண்கள் படகின் ஓரம் நின்று முடித்துக்கொண்டார்கள்.
எனக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது.
வார்டில் எத்தனை பேருக்கு பெட்பேன் வைத்திருக்கிறேன்,
வாய் வரவில்லை.
நாகவல்லிதான் எழுந்தாள்.
கூடாரத்தை உறையிலிருந்து உருவினாள்,
நீல நைலான், மடிப்புக் கலையாதது,
படகின் பின்மூலையில் இரு கையாலும் விரித்து
முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.
"போங்க."

பிறகு அவள் உட்கார்ந்தாள், நான் பிடித்தேன்.
துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல்:
"செயின் அடகுலதான் இருக்கு.
மீட்டுத் தரேன்னு சொல்லல.
இருக்குன்னு சொல்றேன்."
காற்றில் நைலான் படபடத்தது.
நான் இறுக்கிப் பிடித்தேன்.

இருட்டியதும் விளக்குகளை நெற்றியில் கட்டி
பிள்ளைகள் நண்டுகளை எண்ணினார்கள்,
முப்பதுக்கு மேல் சண்டையில் முடிந்தது.
நட்சத்திரம் நாலைந்துதான்.
புகைபோக்கி உச்சியின் சிவப்பு விளக்குகளையும்
சேர்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் ஆனது.
சோறு தீர்ந்தது. கொசு தீரவில்லை.

தண்ணீர் வந்ததை நாங்கள் பார்க்கவில்லை.
அடிப்பலகைக்குக் கீழே
யாரோ வாய் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம்.
தேசப்பன் துண்டை எடுக்காமலே சொன்னான்,
"வந்துடுச்சி."

செவ்வாய்க்கிழமை டூட்டி மாற்றும் நேரம்
போனில் அவள் பெயர்.
"சேத்து வாட போவவே மாட்டுதுக்கா,
நீங்க எத்தினி தபா அலசுனீங்க?"
நாலு என்றேன்.
இரண்டுதான் அலசியிருந்தேன்.